நாயோட கிராண்ட் கேன்யன் போறது எப்படி: பஸ்ஸை நம்பி 3 மைல் திரும்பி நடந்தவன் சொல்றேன்

எங்க வீட்டு கருப்பன் பாதி லாப்ரடார், மீதி என்னன்னு டாக்டருக்கே தெரியல. அரிசோனாவுல நாங்க இருக்கிற சாண்ட்லர்ல இருந்து கிராண்ட் கேன்யன் காருல கிட்டத்தட்ட 4 மணி நேரம், போன மே மாசம் அவனை எங்கயும் விட்டுட்டு போக மனசு வராம கூட்டிட்டே போயிட்டோம். போறதுக்கு முன்னாடி "நாய்க்கு அனுமதி உண்டு"ன்னு ஒரு வரி படிச்சேன், அதோட நிறுத்திட்டேன், அங்கதான் வினை. டிக்கெட் எடுக்குறது, கார் ஓட்டுறதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல. ஒரு காருக்கு 35 டாலர், 7 நாள் செல்லும், அவ்ளோதான்.

ஸ்டெப் 1: எந்த இடம் யாரோடதுன்னு பாருங்க

நேஷனல் பார்க் வேற, நேஷனல் ஃபாரஸ்ட் வேற. போர்டு பாக்க ஒரே மாதிரி இருக்கும், ரெண்டுலயும் மரம், ரெண்டுலயும் மான், ஆனா நாய் விஷயத்துல ஏணி வச்சாலும் எட்டாது. பார்க்குக்கு வெளிய டுசாயான்னு ஒரு சின்ன ஊர் இருக்கு, அதை சுத்தி இருக்கிறது கைபாப் நேஷனல் ஃபாரஸ்ட். அங்க நாய் பெரும்பாலும் எங்க வேணா நடக்கலாம். பார்க்குக்குள்ள நுழைஞ்சதும் கணக்கு மாறிடும்.

சவுத் ரிம்ல, அதாவது பள்ளத்தாக்கோட தெற்கு விளிம்புல, ஒரே கோடு, அதை மனசுல போட்டுக்கோங்க: விளிம்புக்கு மேல நாய் வரலாம், விளிம்புக்கு கீழ ஒரு அடி கூட இறங்கக் கூடாது. பிரைட் ஏஞ்சல், சவுத் கைபாப் மாதிரி உள்ள இறங்குற பாதை எல்லாமே நோ. "முதல் வளைவு வரைக்கும்தானே, ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடலாம்"னு எனக்கும் தோணுச்சு. பாதை குறுகல், அதுல கோவேறு கழுதைங்க ஆளையும் மூட்டையையும் சுமந்துட்டு வரும், அதைப் பாத்து நம்மாளு குரைச்சா என்ன ஆகும்னு யோசிச்சதும் ஆசை போயிடுச்சு.

நார்த் ரிம், அதாவது வடக்கு விளிம்புப் பக்கம் நாய்க்கு இதை விட ரொம்பக் குறைவான இடம்தான். முதல் தடவை போறவங்க சவுத் ரிம்மே போங்க.

ஸ்டெப் 2: பை கட்டுறது

லீஷ், அதான் நாயைப் பிடிக்கிற கயிறு, 6 அடிக்கு மேல இருக்கக் கூடாது, இது எல்லா நேஷனல் பார்க்குக்கும் பொதுவான சட்டம். பட்டனை அழுத்தினா நூல் மாதிரி நீண்டுட்டே போகுமே, அந்த லீஷை வீட்டுலயே வச்சுட்டு வாங்க, எனக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. விளிம்பை ஒட்டியே போற ரிம் ட்ரெயில்ல நிறைய இடத்துல கம்பி வேலியே கிடையாது, ஒரு அணில் ஓடினா போதும். சாதா நைலான் லீஷ், கூட மார்புல மாட்டுற ஹார்னஸ். கழுத்துப் பட்டையை மட்டும் நம்பாதீங்க, கருப்பன் பின்னாடி இழுத்து தலையை உருவுறதுல கில்லாடி.

மடிச்சு வைக்கிற ரப்பர் கிண்ணத்துல அவன் ஒரு மடக்கு குடிக்கிறதுக்குள்ள அது கவுந்துடும், அதனால வீட்டு எவர்சில்வர் கிண்ணத்தையே எடுத்துட்டு போனேன். பாக்கிறவங்க சிரிச்சாங்க, சிரிக்கட்டும். கால்ல மாட்டுற ஷூவும் வாங்கிப் பாத்தோம், வீட்டு ஹால்லயே வெந்நீர்ல கால் வச்ச மாதிரி நடந்தான், திருப்பிக் குடுத்துட்டேன். அதுக்கு பதிலா காலையில சீக்கிரம் கிளம்புங்க, சந்தேகமா இருந்தா புறங்கையை தார் ரோட்டுல வச்சு 5 எண்ணுங்க, உங்களுக்கு சுட்டா அவனுக்கும் சுடும்.

அப்புறம் உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போட்டுட்டு போங்க. அங்க இருக்கிற பாறை அணில் பாக்க சாதுவா வந்து நிக்கும், ஆனா கடிக்கும், அது மேல இருக்கிற தெள்ளுப்பூச்சி பிளேக் கூட பரப்பும். எல்க்ன்னு குதிரை சைஸ்ல ஒரு மான் கிராமத்துக்குள்ளயே (சவுத் ரிம்ல லாட்ஜ் எல்லாம் இருக்கிற கிராண்ட் கேன்யன் வில்லேஜ்) சுத்தும், அதுகிட்ட இருந்து 100 அடி தள்ளி நிக்கணும்.

ஸ்டெப் 3: தங்குறது

பார்க்குக்குள்ள இருக்கிற லாட்ஜ்கள்ல யாவபாய் லாட்ஜ்ல மட்டும்தான் நாய்க்கு ரூம் உண்டு, அதுவும் குறிப்பிட்ட ரூம்கள்தான், தனியா காசு. நாங்க மாதர் கேம்ப்கிரவுண்ட்ல டென்ட் போட்டோம், 6 மாசம் முன்னாடியே புக்கிங் திறக்கும். ராத்திரி குளிருது மக்களே. சவுத் ரிம் சுமார் 7000 அடி உயரம், கிட்டத்தட்ட நம்ம ஊட்டி. பீனிக்ஸ் வெயில்ல இருந்து அரை டிரவுசரோட போய் நின்னா அவ்ளோதான், கருப்பன் என் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வந்து படுத்துட்டான்.

நாயை எதுலயாவது கட்டிப் போட்டுட்டு நீங்க மட்டும் சுத்தப் போறது சட்டப்படி தப்பு. கார்ல விட்டுட்டு போறதைப் பத்தி பேசவே வேணாம். ரெண்டு பேரும் சேர்ந்து கீழ இறங்கியே ஆகணும்னா சவுத் ரிம்ல நாய்க் காப்பகம் இருக்கு, ஊசி போட்ட பேப்பர் கேப்பாங்க, போறதுக்கு முன்னாடியே போன் போட்டு இடம் சொல்லி வைங்க.

ஸ்டெப் 4: பஸ் (இதைத்தான் நான் கோட்டை விட்டேன்)

ஹெர்மிட் ரோடுன்னு மேற்குப் பக்கம் போற ரோடு இருக்கு, நல்ல நல்ல காட்சி முனை எல்லாம் அதுலதான். மார்ச் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும் அதுல சொந்தக் கார் விடமாட்டாங்க, இலவச ஷட்டில் பஸ் மட்டும்தான். ரோட்டை ஒட்டியே ரிம் ட்ரெயிலும் போகும். அதனால எல்லாரும் என்ன பண்ணுவாங்கன்னா, காலார ஒரு பக்கம் நடந்துட்டு, கால் வலிச்சதும் பஸ்ல ஏறி திரும்பிடுவாங்க. நானும் அதே பிளான்தான், அட்டகாசமான பிளான்னு வீட்டம்மாகிட்ட பீத்திக்கிட்டேன்.

கிராமத்துல இருந்து கிளம்பி மோஹாவே பாயின்ட் வரைக்கும் சுமார் 3 மைல் நடந்தோம், பாப்பா போட்டோ எடுத்துட்டே வந்தா, கருப்பன் ஒவ்வொரு புதரையும் மோந்து கையெழுத்து போட்டுட்டே வந்தான். பஸ் வந்துச்சு, கதவு தொறந்துச்சு, டிரைவர் கீழ பாத்தாரு, தலையை ஆட்டினாரு. பார்க் ஷட்டில் பஸ்ல செல்ல நாய்க்கு இடமே கிடையாது, விளிம்புக்கு மேலயா கீழயாங்கிற பேச்சே இல்ல. அது வெப்சைட்ல நான் படிச்ச வரிக்கு அடுத்த வரியிலயே இருந்துச்சாம்.

சரி வீட்டம்மா போய் காரை எடுத்துட்டு வரலாம்னா அந்த ரோட்டுல காரே விட மாட்டாங்களே. அவங்க ரெண்டு பேரும் பஸ்ல ஏறிப் போயிட்டாங்க, நானும் கருப்பனும் காலை 11 மணி வெயில்ல 3 மைல் திரும்பி நடந்தோம். கிராமத்தை விட்டா ரோடு முடியுற ஹெர்மிட்ஸ் ரெஸ்ட் வரைக்கும் நடுவுல தண்ணி பிடிக்க இடமும் இல்ல. என்கிட்ட மிச்சம் இருந்தது ஒரு லிட்டர், முக்கால்வாசி அவனுக்கே ஊத்தினேன். நிழல் இருக்கிற ஒவ்வொரு மரத்தடியிலயும் தொப்புன்னு உக்காந்துடுவான், இழுத்தாலும் வரமாட்டான், "நீதான பிளான் போட்ட"ன்னு கேக்குற மாதிரி ஒரு பார்வை வேற.

அதனால நாயோட போறவங்களுக்கு கணக்கு இப்படித்தான்: எவ்ளோ தூரம் போறீங்களோ அவ்ளோ தூரம் திரும்பி நடக்கணும், எடுத்துட்டு வந்த தண்ணில மூணுல ஒரு பங்கு காலியானதும் நின்னு திரும்பிடுங்க.

ஸ்டெப் 5: அப்போ என்னதான் பாக்குறது?

மறுநாள் ஒழுங்கா பண்ணினோம். காலையில கிராமத்துல இருக்கிற வெர்காம்ப்ஸ் விசிட்டர் சென்டர்ல இருந்து யாவபாய் ஜியாலஜி மியூசியம் வரைக்கும் ரிம் ட்ரெயில், ஒரு மைலுக்கு கொஞ்சம் மேல, நல்ல சமதளம். இந்தத் துண்டுக்கு டிரெயில் ஆஃப் டைம்னு பேரு. தரையில மீட்டருக்கு ஒரு வெண்கலக் குறி பதிச்சிருக்காங்க, ஒரு மீட்டர்னா 10 லட்சம் வருஷம். கருப்பன் 5 கோடி வருஷத்தை ஒரே ஓட்டத்துல தாண்டிட்டு ஒரு கல்லு மேல காலைத் தூக்கிட்டான். மியூசியத்துக்குள்ள அவன் வர முடியாது, அதனால மாத்தி மாத்தி போனோம், ஒருத்தர் உள்ள, ஒருத்தர் நாயோட வெளிய. ஹெர்மிட் ரோடுக்கும் இதே ஷிஃப்ட் முறைதான் சரி.

மத்தியானம் கார் எடுத்துட்டு டெசர்ட் வியூ டிரைவ். கிழக்குப் பக்கம் சுமார் 23 மைல், இதுல சொந்தக் கார் போகலாம், கிராண்ட்வியூ, மோரான், லிபான்னு நிறுத்தி நிறுத்தி பாக்கலாம். கடைசியில மேரி கோல்ட்டர் வடிவமைச்சு 1932ல கட்டி முடிச்ச கல் கோபுரம் இருக்கு. என்னைக் கேட்டா நாய் இருக்கிறவங்க முதல் நாளே இந்தப் பக்கம் போயிடுங்க, ஹெர்மிட் பக்கம் ஆசைப்படவே வேணாம். இல்லையா, டிசம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள வாங்க, அப்போ ஹெர்மிட் ரோட்டுலயும் கார் விடுவாங்க, ஆனா பனி வழுக்கும்.

பார்க் ரேஞ்சர்னு நாய்ங்களுக்கு ஒரு திட்டம் இருக்கு, இங்க பார்க்னா குரைக்கிற பார்க், பூங்கா பார்க் இல்ல, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தான் வந்து தொலைக்குது. கக்காவை அள்ளு, லீஷ்ல பிடி, காட்டு மிருகத்தை மதி, எங்க போகலாம்னு தெரிஞ்சுக்கோ, இந்த நாலுதான் விதி. கழுத்துல மாட்ட ஒரு டேக் வாங்கினோம். கருப்பன் அதை கார்லயே கடிச்சுட்டான்.

அப்டேட்: "எமோஷனல் சப்போர்ட்னு லெட்டர் வச்சிருக்கேன், கீழ கூட்டிட்டு போலாமா"ன்னு நாலு பேர் கேட்டுட்டாங்க. முடியாது. வேலைக்குப் பழக்கின சர்வீஸ் நாய் மட்டும்தான், அதுவும் இறங்குறதுக்கு முன்னாடி பார்க்கோட பேக்கன்ட்ரி ஆபீஸ்ல (உள்காட்டுப் பயணங்களைப் பாத்துக்கிற ஆபீஸ்) சொல்லிட்டு போகணும்.

இன்னொரு அப்டேட்: சையான் நேஷனல் பார்க் போறேன்னு ஒரு தம்பி எழுதியிருந்தாரு. அங்க பாரஸ் ட்ரெயில்னு ஒண்ணே ஒண்ணுலதான் நாய் நடக்கலாம் தம்பி. ஷட்டில் பஸ் கதை அங்கயும் இதேதான், தண்ணி ரெண்டு பாட்டில் சேத்து எடுத்துக்கோங்க.