டி.சி.எஃப். 77 நேர ரிசீவர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிராங்க்பர்ட் அருகே மைன்ஃப்ளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் டி.சி.எஃப். 77 என்னும் ஜெர்மன் வானொலி நேர சிக்னல் சுமார் 2,000 கி.மீ. வரை எட்டும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸில் இருப்பவர்கள் ஒரு சிறு ரிசீவர் பலகையும் மைக்ரோகன்ட்ரோலரும் வைத்து அணுக் கடிகார நேரத்தை வீட்டிலேயே பிடிக்கலாம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இதே பலகையை வாங்கி முயல்வது வீண்.

சிக்னல் வரவில்லை என்றதும் ஆம்ப்ளிஃபயரைக் கூட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பெரும்பாலும் குறை சிக்னலில் இல்லை, சுற்றியுள்ள மின் இரைச்சலில் இருக்கிறது. எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், மடிக்கணினி அடாப்டர், கணினித் திரை எல்லாம் இந்த அலைவரிசைப் பக்கம் இரைச்சலைக் கொட்டுகின்றன. பெருக்கினால் அதுவும் சேர்ந்தே பெருகும். பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஆன்டெனாவை இவற்றிடமிருந்து ஓரிரு மீட்டராவது தள்ளி வையுங்கள். உங்கள் மைக்ரோகன்ட்ரோலரும் டிஸ்பிளேயும்கூட இரைச்சல் தருபவையே.

ஆன்டெனாவாகப் பயன்படும், கம்பிச் சுருள் சுற்றிய ஃபெரைட் (காந்தப் பொருள்) தண்டின் முனையை நிலையத்தை நோக்கி நீட்டினால் சிக்னல் ஏறக்குறைய மறைந்துவிடும். தண்டு கிடைமட்டமாக, நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காக இருக்கவேண்டும். அதை உலோகப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். மூடிய உலோக வளையத்தால் இறுக்கவும் கூடாது. சுருளோடு வந்த கெபாசிட்டரை மாற்றினால் இசைவு கெடும். பலகை தாங்கும் வோல்டேஜையும் பாருங்கள்: 3.3 வோல்ட் பலகைக்கு 5 வோல்ட் கொடுத்தால் அதன் கதை முடிந்தது. பல பலகைகளின் வெளியீடு மிகச் சிறிய மின்னோட்டமே தரும். எல்.இ.டி.யை நேராக மாட்டாமல் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வையுங்கள்.

இனி, ஆண்டுக்கணக்கில் நம்பத்தக்க கடிகாரமா, அவ்வப்போது உளறும் கடிகாரமா என்பதைத் தீர்மானிக்கும் இடத்துக்கு வருவோம். ஒவ்வொரு வினாடித் தொடக்கத்திலும் அலையின் வீச்சு சற்று நேரம் குறையும்: 100 மில்லிவினாடி என்றால் 0, 200 என்றால் 1. இந்தக் குறைவைப் பலகை ஒரு துடிப்பாகத் தரும்; ஒவ்வொரு துடிப்பும் ஒரு பிட், ஒரு நிமிடத்துப் பிட்டுகள் சேர்ந்தால் ஒரு செய்தி. சரியாக 100, 200 என்று எதிர்பார்த்து நிரல் எழுதாதீர்கள். பலகையிலிருந்து வரும் துடிப்புகள் நீண்டும் குறுகியும் வரும்; 150ஐ எல்லையாகக் கொள்வது நல்லது. 59ஆம் வினாடியில் துடிப்பு இராது, நிமிடம் முடிவதற்கான அடையாளம் அதுதான். ஆனால் இரைச்சலில் ஒரு துடிப்பு தொலைந்தாலும் அதே இடைவெளி தெரியும். எனவே 59 பிட்டுகள் வந்தனவா, 0ஆம் பிட் 0ஆக, 20ஆம் பிட் 1ஆக இருக்கின்றனவா, கோடை நேரம் காட்டும் 17, 18ஆம் பிட்டுகள் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பாரிட்டி (ஒரு குழுவில் உள்ள 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்று பார்க்கும் பிழைச் சோதனை) சரியாக இருந்தால் போதும் என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. நிமிடம், மணி, தேதி மூன்றுக்கும் தனித்தனியே ஒரே ஒரு பாரிட்டி பிட் இருக்கிறது. ஒரு குழுவில் இரண்டு பிட்டுகள் பிழையானால் அது கண்டுபிடிக்காது. அடுத்தடுத்து வரும் இரண்டு செய்திகளைப் படித்து, இரண்டாவது முதலாவதைவிடச் சரியாக ஒரு நிமிடம் கூடுதலாக இருந்தால் மட்டும் கடிகாரத்தைத் திருத்துங்கள். மூன்று செய்திகள் பார்த்தால் இன்னும் நல்லது. காத்திருக்கும் நேரம் கூடினாலும் பரவாயில்லை.

வரும் செய்தி, தொடங்கவிருக்கும் நிமிடத்துக்கு உரியது. கடைசி பிட் வந்த கையோடு நேரத்தை மாற்றினால் கடிகாரம் இரண்டு வினாடி அளவுக்கு முந்தி ஓடும். 59ஆம் வினாடி இடைவெளிக்குப் பிறகு வரும் துடிப்பின் தொடக்க விளிம்பில்தான் மாற்றவேண்டும்.