தேனீக்கு நீலம் பழக்குவது எப்படி: ஏற்காட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை

தேனீக்கு நிறம் தெரியும் என்பதை விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் 1914-இல் நிறுவினார். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில், பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீயான அடுக்குத்தேனீயின் பெட்டி ஒன்று இருந்தால் அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். காப்பி பூக்கும் மார்ச், ஏப்ரல் நாட்களை மட்டும் தவிருங்கள். காப்பியைப் பூக்கவைக்கும் பூமழைக்குப் பின் தோட்டமே மணக்கும்போது சர்க்கரைத் தண்ணீரைத் தேனீ சீண்டாது. பனிமூட்டம் விலகி வெயில் ஏறிய பிறகே தொடங்க வேண்டும்.

100 மி.லி. தண்ணீரில் 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையைக் கரையுங்கள். வெல்லம் கூடாது, நிறத்தை விட்டுவிட்டு அதன் வாசனையைத் தேனீ கற்றுக்கொள்ளும். தேனும் கூடாது, நோய் பரவும், அயல் கூட்டத் தேனீக்கள் கொள்ளையடிக்கவும் வந்துவிடும்.

பெட்டி வாசலிலிருந்து ஒரு மீட்டரில் ஸ்டூல் போட்டு, நீல அட்டைமேல் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை வையுங்கள். ஸ்டூல் கால்களைத் தண்ணீர்த் தட்டுகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. நாலைந்து தேனீ வந்து குடித்ததும் சிறிது சிறிதாக நகர்த்தி இருபது மீட்டர் கொண்டுபோங்கள். ஒரேயடியாக நகர்த்தினால் பழைய இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். குடித்துக்கொண்டிருக்கும்போது முதுகில் பெயின்ட் புள்ளி வைத்துவிட்டால் எது எது என்று தெரியும். கொட்டினால் ஒவ்வாமை உள்ளவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

இனி அதே அளவில் வெளிர் முதல் அடர் வரை எட்டு சாம்பல் அட்டைகளை நீலத்தோடு சேர்த்து மூன்றுக்கு மூன்றாக அடுக்கி, மேலே கண்ணாடித் தகடு போடுங்கள். சாம்பல் ஒவ்வொன்றிலும் வெறும் தண்ணீர்க் கிண்ணம். சாம்பல் இல்லாவிட்டால் தேனீ நிறத்தைப் பார்த்ததா, வெளிச்ச அளவைப் பார்த்ததா என்று சொல்ல முடியாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை நீலத்தின் இடத்தை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அது கற்பது இடத்தைத்தான்.

பலர் தவறுவது வரிசையில். தேனீ உட்கார்ந்து குடிக்கத் தொடங்கிய பிறகு அடியில் நீல அட்டையைச் செருகினால் பயனில்லை. இறங்கி வரும் கடைசி இரண்டு மூன்று நொடியில் கண்ணில் பட்ட நிறமே மனதில் பதியும். காரணம் மூளையில் இருக்கிறது. ஏறத்தாழ பத்து லட்சம் நரம்பு செல்கள் கொண்ட ஐரோப்பியத் தேனீயின் மூளையில், இனிப்பின் செய்தியைப் பரப்பும் ஒரு செல்லை ஆய்வாளர் மார்ட்டின் ஹாமர் 1993-இல் காட்டினார். வாசனையைக் காட்டியபின் அந்தச் செல்லை மின்சாரத்தால் தூண்டினால், சர்க்கரையே தராமல் தேனீ வாசனையைக் கற்றது. முதலில் தூண்டிப் பிறகு வாசனை காட்டினால் கற்கவில்லை. அடையாளம் முன்னே, பரிசு பின்னே. நாயைப் பழக்குபவரும் இந்த வரிசையை மாற்ற முடியாது.

காப்பிப் பூவின் தேனிலும் சிறிது காஃபீன் உண்டு. காஃபீன் கலந்த இனிப்பு குடித்த தேனீக்களில், அடுத்த நாளும் வாசனையை நினைவு வைத்திருந்தவை, வெறும் இனிப்பு குடித்தவற்றைப் போல மூன்று மடங்கு என 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது.

பழக்கி முடித்துச் சோதிக்கும்போது புது அட்டை, கழுவிய கண்ணாடி, காலியான புதுக் கிண்ணங்கள் வேண்டும். தேனீ குடித்த இடத்தில் தன் வாசனையை விட்டுப்போகும். மூன்று நிமிடம் மட்டும், எந்த அட்டையில் எத்தனை முறை உட்கார்ந்தது என்று எண்ணுங்கள். நீட்டித்தால் ஏமாந்த தேனீ நீலத்தைக் கைவிடத் தொடங்கும். எனவே முடிந்த கையோடு நீலத்தில் மறுபடி சர்க்கரைத் தண்ணீர் வையுங்கள். அடுத்து சிவப்பைப் பழக்கிப் பாருங்கள். சிவப்பை உணரும் செல் அதன் கண்ணில் இல்லாததால், அடர்சாம்பல் அட்டைகளிலும் போய் உட்காரும்.