நீராவியில் தே ஆத்தும் கடை: பினாங்குக் கடைவீட்டைக் குட்டியாகக் கட்டுவோம்

கத்தியைக் கையில் எடுக்கும் முன் ஒரு தாளில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் ஸ்டீம்பங்க் பொம்மை வீட்டில் நீராவி என்ன வேலை செய்கிறது?

ஸ்டீம்பங்க் என்ற பெயர் 1987இல்தான் பிறந்தது. நிலக்கரியும் பித்தளையும் ஆண்ட விக்டோரியா மகாராணி காலம் முடியாமலே நீண்டிருந்தால், இன்று மின்சாரம் செய்யும் வேலையையெல்லாம் நீராவியே செய்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும்? அந்தக் கற்பனைக்குத்தான் இந்தப் பெயர். பினாங்குக்காரர்களுக்கு இது ரொம்ப தூரத்துக் கற்பனை இல்லை. 1880களில் ஜார்ஜ் டவுன் தெருவில் நீராவி டிராம் ஓடியிருக்கிறது. கோட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் மணிக்கூண்டு விக்டோரியாவின் அறுபதாண்டு ஆட்சியின் நினைவாக எழுந்தது. ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி.

என் முதல் வீட்டுக்கு இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கிடைத்த பற்சக்கரத்துக்கெல்லாம் தங்கச் சாயம் அடித்துச் சுவர் முழுக்க ஒட்டினேன். லிட்டில் இந்தியாவில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் அதன் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "மூணு சக்கரத்தையும் ஒண்ணோட ஒண்ணு பூட்டி வச்சிருக்கியேம்மா, இது எந்தப் பக்கம் சுத்தும்?" என்று கேட்டார். பல்லோடு பல் சேர்ந்த இரண்டு சக்கரங்கள் எதிரெதிர்ப் பக்கம்தான் சுற்றும். முக்கோணமாக மூன்றைச் சேர்த்தால் எதுவும் அசையாது. அதற்குப் பிறகு நான் கட்டிய எல்லா வீட்டிலும் ஒரே சட்டம்தான்: ஒவ்வொரு குழாயும் ஓர் இடத்தில் தொடங்கி ஓர் இடத்தில் முடிய வேண்டும், ஒவ்வொரு சக்கரமும் எதையாவது சுற்ற வேண்டும். நிஜமாக ஓட வேண்டியதில்லை. ஆனால் பார்க்கிறவர் விரலால் வழியைத் தொடர்ந்துகொண்டு போக முடிய வேண்டும்.

இந்தப் பதிவில் நாம் கட்டப்போவது இரண்டு மாடிக் கடைவீடு. கீழே தே தாரிக் கடை, அதாவது பால் தேநீரை உயரத்திலிருந்து இழுத்து ஆத்தித் தரும் கடை. கடை மூலையில் நிமிர்ந்து நிற்கும் கொதிகலன். அதிலிருந்து ஒரு குழாய் தேத்தண்ணீர்ப் பானைக்குப் போகிறது. இன்னொன்று மேல்மாடிக்கு ஏறி ஓர் உருளைக்குள் நுழைகிறது. உருளையின் தண்டு பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் மேலே கடிகாரத்தையும், ஒரு வார்ப்பட்டை வழியாகக் கீழே தே ஆத்தும் இரும்புக் கையையும் ஓட்டுகிறது. வேலை முடிந்த ஆவி கூரை வழியாக வெளியே போகிறது. இந்த வழியைப் பென்சிலில் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

அளவு

பொம்மை வீட்டுக்காரர்கள் அதிகம் பயன்படுத்துவது 1:12, அதாவது நிஜத்தில் ஓர் அடி இங்கே ஓர் அங்குலம். அழகுதான், ஆனால் நம் அடுக்குமாடி வீட்டு அலமாரியில் அடங்காது. தொடங்குகிறவர்களுக்கு 1:24 போதும்: இரண்டு அடிக்கு ஓர் அங்குலம். 7 அடிக் கதவு 3½ அங்குலம், நாற்காலியின் இருக்கை உயரம் ¾ அங்குலம், மேசை 1¼ அங்குலம், ஐந்தரை அடி ஆள் 2¾ அங்குலம். இந்த எண்களை ஓர் ஐஸ்கிரீம் குச்சியில் கோடு போட்டுக் குறித்து, அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த மணிக்கூண்டை இதே அளவில் செய்தால்கூட 30 அங்குலம் வரும். அதனால் நமக்குக் கூரைமேல் ஒரு சின்னக் கோபுரம் போதும்.

பொருள் சேர்ப்பது

5 மில்லிமீட்டர் போம் போர்டு (நடுவே நுரை வைத்த அட்டை) இரண்டு, வெள்ளைப் பசை, சூப்பர் குளூ, இரும்பு ஸ்கேல், புது அலகு போட்ட கத்தி, அக்ரிலிக் சாயத்தில் கறுப்பு, அடர் பழுப்பு, செம்பு, பித்தளை, நீலப்பச்சை. இவை புத்தகக் கடையிலும் இரண்டு வெள்ளிக் கடையிலும் கிடைத்துவிடும். மற்றதெல்லாம் வீட்டுக் குப்பையில் இருக்கிறது: கரையும் வைட்டமின் மாத்திரை வரும் குழாய், பாக்கெட் பானத்தோடு வரும் வளையும் ஸ்ட்ரா, தீர்ந்துபோன பேனா, சத்தே குச்சி, பிரஸ் பட்டன், அறுந்த பாசிமணி.

பற்சக்கரத்துக்கு ஞாயிறு காலையில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். சாவி கொடுக்கும் பழைய அலாரம் கடிகாரம்தான் வேண்டும். பேட்டரிக் கடிகாரத்துக்குள் பெரும்பாலும் பிளாஸ்டிக் சக்கரம்தான் இருக்கும். கழற்றும்போது இரண்டு விஷயத்தில் கவனம். முதலாவது, உள்ளே இருக்கும் சுருள்வில். அது முறுக்கோடு இருக்கும்போது திருகாணியைக் கழற்றினால் பாய்ந்து கையைக் கிழித்துவிடும். கடிகாரம் தானாக ஓடி நின்று, முறுக்கு முழுதும் இறங்கிவிட்டதா என்று பார்த்தபின்தான் கழற்ற வேண்டும். இரண்டாவது, இருட்டில் ஒளிரும் முள்ளும் எண்ணும் உள்ள மிகப் பழைய கடிகாரத்தைத் திறக்கவே வேண்டாம். அந்தக் காலத்தில் அதற்கு ரேடியம் கலந்த சாயம் பூசினார்கள். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு போகாது. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். உதிரும் அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

சுவரும் தளமும்

அடித்தளம் 12க்கு 10 அங்குலம். பக்கச் சுவர் இரண்டு, ஒவ்வொன்றும் 8 அங்குல ஆழம், 11 அங்குல உயரம். மேல்மாடித் தளம் 9க்கு 8. கீழ்க் கடையின் முன்சுவர் 9க்கு 6. இதைப் பக்கச் சுவர்களின் முன் விளிம்பிலிருந்து 2½ அங்குலம் உள்ளே தள்ளி நிறுத்துங்கள். அந்த 2½ அங்குலம்தான் நம் ஐந்தடி நடைபாதை! மேல்மாடியின் முன்சுவர் 9க்கு 4¾, அது தளத்தின் முன் விளிம்பில் நிற்கும். நடைபாதையின் இரு ஓரத்திலும் 6 அங்குலத் தூண் ஒவ்வொன்று. வீட்டின் பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். தெருப் பக்கம் திருப்பினால் கடைவீடு, பின்பக்கம் திருப்பினால் உள்ளே இருக்கும் இயந்திரம்.

போம் போர்டை ஒரே அழுத்தில் வெட்டினால் உள்ளே பிய்யும். மூன்று முறை மெல்ல ஓட்டுங்கள். கதவு, சன்னல் துளைகளை ஒட்டும் முன்பே வெட்டிவிட வேண்டும். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசைதான். சூப்பர் குளூவும் ஸ்ப்ரே சாயமும் உள்ளிருக்கும் நுரையைக் கரைத்துவிடும், இதை மறக்க வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு பக்கம் மட்டும் சாயம் பூசிய அட்டை ஒரே இரவில் வில்லாக வளையும். உள்ளும் வெளியும் ஒரே நாளில் பூசிவிடுங்கள்.

வெளிச்சுவருக்கு நான் பழைய கடைவீடுகளின் அந்த நீலச் சுண்ணாம்பு நிறத்தைத்தான் எடுப்பேன். செம்பும் பித்தளையும் நீலத்தின்மேல் எழுந்து தெரிவதுபோல வேறெந்த நிறத்திலும் தெரிவதில்லை. கூரைக்குப் பெட்டி அட்டையின் மேல்தாளை லேசாக நனைத்து உரித்தால் உள்ளே நெளிநெளியாகத் தகரம் கிடைக்கும். அதைத் தனியாகச் செய்து வையுங்கள், இப்போது ஒட்ட வேண்டாம்.

கொதிகலன்

இதற்கு மட்டும் ஒரு முழுச் சனிக்கிழமையை ஒதுக்குங்கள். வீட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது.

மாத்திரைக் குழாயை 3 அங்குலத்துக்கு வெட்டுங்கள். நம் அளவில் அது 6 அடி உயரக் கொதிகலன். மேலும் கீழும் நடுவிலும் 5 மில்லிமீட்டர் அகல அட்டைப் பட்டை சுற்றி ஒட்டுங்கள். பட்டைமேல் ஆணித்தலைக்குக் கடுகு. சீராக இடைவெளி விட்டு வெள்ளைப் பசையில் ஒவ்வொன்றாக, பல்குச்சி நுனியால் எடுத்து வைக்க வேண்டும். பொறுமை சோதிக்கும் வேலைதான். ஆனால் சாயம் ஏறியதும் அது கடுகென்று யாராலும் சொல்ல முடியாது. மேலே வார்னிஷ் பூசிவிட்டால் எறும்பும் வராது.

பிறகு உறுப்புகள். கீழே அடுப்புவாய்: அட்டையில் சின்னக் கதவு, பாதி திறந்தபடி, உள்ளே சிவப்புத் தாள். நடுவே நீர்மட்டக் கண்ணாடி: தெளிவான பேனா ரீஃபில் துண்டு, பாதிவரை நீலம். அழுத்தமானிக்குப் பிரஸ் பட்டனின் குழியில் 6 மில்லிமீட்டர் வட்டத் தாளில் முள் வரைந்து வைத்து, மேலே நிறமில்லாத நகச்சாயம் ஒரு சொட்டு. உலர்ந்ததும் கண்ணாடி போட்டதுபோல் ஆகிவிடும். உச்சியில் பாதுகாப்பு வால்வு, ஒரு பாசிமணியும் குண்டூசியும். உண்மையான கொதிகலனில் அழுத்தம் மிஞ்சும்போது ஆவியைத் திறந்துவிடுவது அதுதான். அது இல்லாத கொதிகலன் வெடிகுண்டு. பொம்மையாக இருந்தாலும் அதை வைக்காமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

குழாய்க்கு அந்த வளையும் ஸ்ட்ரா. இரண்டு குழாய் சேரும் இடத்தில் தாள் துளைக்கும் கருவியில் வெட்டிய அட்டை வட்டம் இரண்டைச் சேர்த்து வைத்தால் இணைப்பு வளையம். சுவரைத் துளைக்கும் இடத்திலும் ஒரு வளையம் வையுங்கள், துளையின் பிசிறு மறையும்.

மேல்மாடியில் பேனாவின் உடல்தான் உருளை, அதன் ரீஃபில் தண்டு. சக்கரங்களைப் பொருத்தும்போது பற்களை எண்ணிப் பாருங்கள். 10 பல் சக்கரம் 40 பல் சக்கரத்தோடு சேர்ந்தால், சின்னது நான்கு சுற்று சுற்றும்போது பெரியது ஒன்று சுற்றும். கடிகாரம் மெதுவாக ஓட வேண்டும், ஆகவே கோபுரத்தின் பக்கம் பெரிய சக்கரம் வர வேண்டும்.

பித்தளை நிறம்

தங்கச் சாயத்தை நேரடியாகப் பூசினால் கல்யாண மண்டப அலங்காரம்போல் இருக்கும். உங்கள் சாமி அறைக் குத்துவிளக்கை எடுத்து வைத்துப் பாருங்கள். புளி போட்டுத் தேய்க்கும்போது கை படும் விளிம்பெல்லாம் பளபளக்கும். கை எட்டாத இடுக்கு கறுத்திருக்கும். எண்ணெய் வழிந்த இடத்தில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். அதே வரிசையில்தான் நாமும் போக வேண்டும்.

முதலில் எல்லாவற்றுக்கும் கறுப்பு. நன்றாக உலர்ந்தபின் தட்டையான தூரிகையில் செம்புச் சாயம் தொட்டு, அதைத் தாளில் துடைத்துத் துடைத்து, சாயம் ஏறக்குறைய இல்லாமல் போனபிறகு மேட்டுப் பகுதிகளில் மட்டும் உரசுங்கள். கடுகு ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து வரும். விளிம்புகளில் மட்டும் கொஞ்சம் பித்தளை நிறம். குழாய் இணைப்புகளுக்குக் கீழே, நீர் சொட்டியிருக்கக்கூடிய இடத்தில், நிறைய தண்ணீர் கலந்த நீலப்பச்சையைத் தொட்டு வையுங்கள். துருவுக்கு ஈரமான பழுப்புச் சாயத்தின்மேல் சமையலுக்குப் போடும் பட்டையின் தூளைத் தூவி, உலர்ந்ததும் ஊதிவிட்டுப் பளபளக்காத மேட் வார்னிஷ். களிம்பு செம்பிலும் பித்தளையிலும், துரு இரும்பில் மட்டும். மாற்றிப் போட்டால் கண் கண்டுபிடித்துவிடும்.

கடைச் சாமான்கள்

வட்ட மேசைக்கு பாட்டில் மூடியில் சலவைக்கல் கோலத் தாள், நடுவே சத்தே குச்சிக் கால். நாற்காலி வளைத்த கம்பி. தே கிளாஸுக்குத் தெளிவான ஸ்ட்ராவை 4 மில்லிமீட்டர் துண்டாக நறுக்கி, அடியில் வெள்ளைச் சாயம் கலந்த பசை, மேலே பழுப்பு. கலக்காத பாலும் தேயும் அப்படியே தெரியும்.

கல்லாவுக்கு மேலே சின்னத் தட்டில் முருகன் படம், எம்பிராய்டரி நூலில் மாலை. தினக்காலண்டர் ஒன்று. இவை இல்லாவிட்டால் அது யாரோ ஒருவர் கடை. இருந்தால் நம் கடை.

இனி இரும்புக் கை. இரண்டு குச்சி, மூட்டில் ஒரு சின்னப் பற்சக்கரம், நுனியில் உலோகக் கண்வளையத்தில் செய்த குவளை. கீழே இன்னொரு குவளை. இரண்டுக்கும் நடுவே ஒரு அங்குல மீன்பிடி நரம்பு கட்டி, பழுப்புச் சாயம் கலந்த வெள்ளைப் பசையை மூன்று நான்கு முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பிறகே அடுத்தது. கீழ்க் குவளையில் நுரைக்கு வெள்ளைப் புள்ளி. நம் அளவில் அது இரண்டு அடி நீளத் தே! வார்ப்பட்டைக்கு மெல்லிய தோல் பட்டையோ கறுப்பு ரிப்பனோ எடுத்து, மேல்தளத்தில் போட்ட துளை வழியாகச் சக்கரத்திலிருந்து இந்தக் கைவரை இழுத்துக் கட்டிவிடுங்கள்.

வெளிச்சம்

செம்புக் கம்பியில் வரும் எல்இடி மணிவிளக்கு, மஞ்சள் ஒளி உள்ளதாக வாங்குங்கள். கம்பியே குழாய்போல் அழகாக இருக்கும். ஒரு விளக்கு அடுப்புவாய்க்குப் பின்னால், ஒன்று முருகன் படத்துக்கு மேல், மற்றவை உங்கள் விருப்பம். பேட்டரிப் பெட்டியைக் கை எட்டும் இடத்தில், அடித்தளத்துக்குப் பின்னால் வையுங்கள். ஒருமுறை நான் கூரையை ஒட்டி முடித்த அன்றிரவே மேல் விளக்கு அணைந்துபோய், தகரத்தைப் பிய்த்தெடுக்க வேண்டிவந்தது. இப்போது இரண்டு நாள் எரியவிட்டுப் பார்த்த பிறகுதான் கூரையைத் தொடுகிறேன். பெட்டிக்குள் இருப்பது சிஆர் 2032 போன்ற பொத்தான் பேட்டரி என்றால் மூடிக்குத் திருகாணி போடுங்கள். குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

கூரையும் கோபுரமும்

கூரையில் கொதிகலன் அடுப்பின் புகைபோக்கிக்கும், கழிவாவிக் குழாய்க்கும், கோபுரத்துக்கும் துளை போட்டு ஒட்டுங்கள். கோபுரம் கழிவறைத் தாள் சுருளின் அட்டைக் குழாய், மேலே கூம்புத் தொப்பி. அதன் முகத்தில் பெண்கள் கட்டும் சின்னக் கைக்கடிகாரம், பழையதானாலும் ஓடுகிற ஒன்றை, வாரைக் கழற்றிவிட்டுப் பொருத்துங்கள். அதை ஒட்டாதீர்கள், பேட்டரி மாற்றக் கழற்ற வேண்டியிருக்கும், இறுக்கமாகச் செருகினால் போதும். பஞ்சைப் புகைபோல் மெலிதாகப் பிரித்து, புகைபோக்கி வாயில் கறுப்புப் பொடி லேசாகத் தடவி ஒன்று, கழிவாவிக் குழாயில் தூய வெள்ளையாக ஒன்று. அடுப்புப் புகையும் நீராவியும் ஒரே நிறமாக இருக்க முடியாது அல்லவா?

வீட்டைக் கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் வைத்து, மூலையில் ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் ஒன்றைப் போடுங்கள். பிறகு கைபேசியைப் பார்த்து, கோபுரக் கடிகாரத்தின் முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வையுங்கள்.