பெருங்குடல் அழற்சி உறுதியான பிறகு: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்றோ சீதபேதி என்றோ நாமே முடிவுகட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதனால், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் நாள்பட்ட பெருங்குடல் அழற்சி தமக்கு இருப்பதைக் கொலனோஸ்கோப்பி எனும் பெருங்குடல் கேமராப் பரிசோதனைக்குப் பிறகு அறிந்துகொள்ளும் நம்மவர் பலர், அதற்குள் பல மாதங்களை இழந்திருக்கிறார்கள். இது நமக்கு வராத நோய் என்று எண்ண வேண்டாம். லெஸ்டர் பகுதியில் செய்யப்பட்டு 1992இல் வெளியான ஆய்வே, அங்கு வாழும் தெற்காசியர்களிடம் இது ஐரோப்பியர்களைவிட அதிகமாக இருப்பதைக் காட்டியது. மருந்தால் இதை நீண்ட காலம் அடக்கி வைக்க முடியும். ஆனால் இங்குள்ள மருத்துவ ஏற்பாடு நாம் வாய்திறந்து சொல்வதை நம்பியே இயங்குகிறது என்பதால், யாரிடம் எதை எப்போது சொல்வது என்பதே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி.

ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் இன்னும் பதிவு செய்யாதவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். முகவரிச் சான்று கேட்கப்பட்டாலும் அது கட்டாயம் இல்லை. ஆங்கிலத்தில் உடல்நிலையை விளக்கத் தயங்குபவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பள்ளியில் படிக்கும் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். தாயின் மலத்தைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய நிலை எந்தக் குழந்தைக்கும் வரக்கூடாது. மருத்துவமனையில் உங்களுக்கு மிகவும் பயன்படப்போகிறவர் குடல் அழற்சி நோய்க்கான சிறப்புச் செவிலியர். அவருடைய தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் முதல் சந்திப்பிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நோய் மீண்டும் கிளம்பினால், அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அந்த எண்ணை அழைப்பதுதான் இங்குள்ள முறை, அது தொந்தரவு ஆகாது. ஒரு நாளில் ஆறு முறை அல்லது அதற்கு மேல் இரத்தத்தோடு வயிறு போய், காய்ச்சலோ படபடப்போ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

விசாவோடு சுகாதாரக் கட்டணம் செலுத்தியிருந்தாலும், இங்கிலாந்தில் மருந்துக்குத் தனியாகப் பணம் உண்டு. 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு, இந்நோய் விலக்குப் பட்டியலில் இல்லை. ஓராண்டு மருந்துக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிடும் முன்பணச் சான்றிதழை 114.50 பவுண்டுக்கு வாங்கினால், ஆண்டுக்குப் பன்னிரண்டு மருந்துகள் எழுதப்பட்டாலே அது லாபம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இந்தக் கட்டணம் கிடையாது.

அழற்சியை அடக்குவதற்காக நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் தொடங்கும் முன்னரான சில வாரங்கள்தான் நம்மவருக்கு மிக முக்கியமானவை. விசாவுக்காக எடுத்த மார்பு எக்ஸ்ரே, அப்போது நுரையீரலில் காசநோய் தீவிரமாக இல்லை என்பதைத்தான் காட்டும். உடலில் உறங்கிக் கிடக்கும் கிருமியைக் காட்டாது. இவ்வகை மருந்துகளில் ஒன்றான பயாலஜிக் ஊசிகள் அதை எழுப்பிவிடக்கூடும் என்பதால் தனி இரத்தப் பரிசோதனை செய்வார்கள். வீட்டில் யாருக்காவது எப்போதாவது டிபி வந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். சின்னம்மை போட்டதா என்று கேட்பார்கள்; அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெப்ப நாடுகளில் வளர்ந்தவர்களில் கணிசமானோர் அது வராமலே பெரியவர்களாகிறார்கள், அதற்கான தடுப்பூசியோ உயிருள்ள கிருமியால் ஆனது என்பதால், இம்மருந்துகள் தொடங்கிய பின் அதைப் போட முடியாது. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா), மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகளுக்கும் இதே கதிதான். நோயெதிர்ப்பைக் குறைக்கும் அசதயோபிரின் மாத்திரை தருவதானால், அதை உடல் தாங்குமா என்று பார்க்கும் டிபிஎம்டி (TPMT) பரிசோதனையோடு என்யூடிடி15 (NUDT15) மரபணுவையும் பார்ப்பார்களா என்று கேளுங்கள். அந்த மரபணுவின் மாற்றம் ஆசியர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது, அது உள்ளவர்களுக்கு இம்மாத்திரை வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும்.

பெட்டியில் ஊர் மருந்து இல்லாத வீடு நம்மிடம் அரிது. டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இந்நோயைக் கிளப்பிவிடலாம்; சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும். சித்த, ஆயுர்வேத மருந்து எடுத்தால் அதன் பெயரைச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள், ஏனெனில் பாதரசமும் ஈயமும் கலந்தவையும் அவற்றில் உண்டு. பிரெட்னிசோலோன் எனும் ஸ்டீராய்டு மாத்திரையை, முகம் ஊதுகிறது என்பதற்காகத் திடீரென நிறுத்தவே கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது சர்க்கரையை ஏற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். உணவைப் பொறுத்தவரை, மிளகாய் இந்நோயை உண்டாக்குவதில்லை. நோய் கிளம்பிய நாள்களில் இட்லி, குழைந்த சோறு என்று இலேசாகச் சாப்பிட்டு, அடங்கியபின் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம்.

ஊருக்குப் போகும் திட்டத்தை டிக்கெட் எடுக்கும் முன்பே செவிலியரிடம் சொல்லுங்கள். ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்து கெட்டுவிடலாம் என்பதால் அது கைப்பையில்தான் வர வேண்டும், ஐஸ் பேக் நேரடியாகப் படாமல் ஒரு துணியைச் சுற்றுங்கள். பயாலஜிக் வகையான அடாலிமுமாப் ஊசிகளில் சில 25 டிகிரிக்குக் கீழே 14 நாள் தாங்கும் என்றாலும், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மே மாத அறை அந்த அளவுக்குள் இருக்காது. அங்கே குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள், மின்தடை வந்தால் கதவைத் திறக்காதீர்கள். ஊசியோடு எடுத்துச் செல்லும் மருத்துவர் கடிதத்தில் பெயரைச் சரிபாருங்கள்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், கடிதத்தில் இனிஷியலாகவும், ஊசிப் பெட்டியில் முன்பின் மாறியும் இருந்தால், சோதனை மேசையில் அதிகாரி மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது விளக்கிச் சொல்லி மாளாது. நோய் கிளம்பியிருக்கும் வேளையில் நீண்ட விமானப் பயணம் காலில் இரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பைக் கூட்டும். நிறைய தண்ணீர் குடியுங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள்.

ஊரில் வயிறு கெட்டால் அது தொற்றா, நோய் மீண்டதா என்பது மலப் பரிசோதனையில்தான் தெரியும். மெடிக்கலில் கேட்டதும் கிடைக்கும் ஆன்டிபயாட்டிக்கையோ, பேதியை நிறுத்தும் லோப்பரமைடையோ அதற்கு முன் விழுங்க வேண்டாம். கடும் அழற்சியில் லோப்பரமைடு பெருங்குடலை ஆபத்தாக வீங்கச் செய்யக்கூடும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது நோயின் பெயரோடு, எடுக்கும் மருந்துகளையும் இன்னும் முடிவு வராத பரிசோதனைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை விட்டிருந்தாலும் மருத்துவமனைச் செலவைத் தர மறுக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.