ஹவாய் வரலாறு எடுக்கும்போது ஆசிரியர்கள் சறுக்கும் இடங்கள்

ஹவாயில் அரசுப் பள்ளிப் படிப்பை முடிக்க, நவீன ஹவாய் வரலாறு என்ற பாடத்தைப் படித்தே ஆக வேண்டும். ஒரு செமஸ்டர்தான். நேரம் போதாது, எதையாவது சுருக்கித்தான் ஆகணும். எதைச் சுருக்குகிறோம் என்பதில்தான் தவறெல்லாம் நடக்கிறது.

1778இல் கேப்டன் குக் வந்தார் என்று ஆரம்பிப்பது பழைய பழக்கம். அவருக்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்துப் படகோட்டி வந்து குடியேறியவர்களின் ஊர் அது. அவர்கள் காற்றில் அடித்துக்கொண்டு வந்து ஒதுங்கியவர்கள் என்றொரு ஊகம் ரொம்ப நாள் இருந்தது. 1976இல் ஹோகுலேஆ என்ற இரட்டைப் படகு, கருவி எதுவும் இல்லாமல் ஹவாயிலிருந்து தென்பசிபிக் தீவான தஹிதிக்குப் போய்ச் சேர்ந்து, அப்படித் திட்டமிட்டே கடல் கடக்க முடியும் என்று காட்டியது. வழிகாட்டியவர் மைக்ரோனீசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக். வித்தை தெரிந்தவரை வெளியிலிருந்து அழைத்துவர வேண்டியிருந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பெரிய சறுக்கல் ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. "1898இல் ஹவாய் அமெரிக்காவுடன் இணைந்தது." இணைந்ததா, இணைத்துக்கொண்டார்களா? தன்வினை, பிறவினை படித்த நமக்கு வித்தியாசம் உடனே உறைக்கும். 1893 ஜனவரியில் அமெரிக்கப் போர்க்கப்பல் பாஸ்டனிலிருந்து படைவீரர்கள் ஹொனலுலுவில் இறங்கி நிற்க, வணிகர்களும் வழக்கறிஞர்களும் அடங்கிய ஒரு சிறு குழு அப்போது தனிநாடாக இருந்த ஹவாயின் ராணி லிலியுஒகலானியைப் பதவியிலிருந்து இறக்கியது. 1897இல் இணைப்பு ஒப்பந்தம் அமெரிக்க செனட்டுக்குப் போனபோது, அதை எதிர்த்து 21,269 கையெழுத்துகள் திரண்டன. கலப்பு வழியினரையும் சேர்த்து ஹவாய்ப் பூர்வகுடிகள் அப்போது சுமார் 40,000 பேர்தான். நான்கு பிரதிநிதிகள் மனுவை வாஷிங்டனுக்கே எடுத்துப் போனார்கள். ஒப்பந்தத்துக்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேறவில்லை. அடுத்த ஆண்டு ஸ்பெயினுடன் போர் மூண்டதும், சாதாரணப் பெரும்பான்மை போதுமான ஒரு கூட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றிக் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

இதை "மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒரு வரியில் கடப்பதுதான் தவறு. மனுவின் ஒரு தாளை நகலெடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். வாசகம் ஹவாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கீழே பெயர்கள், பக்கத்தில் வயது. ஆண்களுக்குத் தனித் தாள், பெண்களுக்குத் தனித் தாள். யாராவது ஒருவர் தன் குடும்பப் பெயரைத் தேட ஆரம்பிப்பார். அப்போது ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது நல்லது.

அதற்காக எல்லாவற்றையும் சோகக் கதையாக்கிவிடக் கூடாது. 1843இல் பிரிட்டனும் பிரான்சும் தனிநாடாக ஒப்புக்கொண்ட அரசு அது. 1834 முதல் 1948 வரை ஹவாய் மொழியில் செய்தித்தாள்கள் வந்தன. இயோலானி அரண்மனையில் மின்விளக்கு எரிந்தபோது வெள்ளை மாளிகையில் இன்னும் மின்சாரம் வரவில்லை.

மொழியை அலங்காரமாக நினைப்பது இன்னொன்று. குறில் நெடில் மாறினால் பல் பாலாகிவிடும் நமக்கு. அவர்களுக்கும் அப்படித்தான். போதாததற்கு, தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலி ஒன்றும் தனி மெய்யெழுத்தாக உண்டு. 'பஉ' என்றால் முடிந்தது. நடுவில் அடைத்துச் சொன்னால் புகைக்கரி. இரண்டு உயிரையும் நீட்டி, நடுவில் அடைத்தால் பெண்கள் கட்டும் பாவாடை. நீட்டலைக் காட்டும் குறியைக் கரும்பலகையில் போடாமல் விட்டால் பாவாடை கரியாகிவிடும். 1896இல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியது. 1978இல்தான் ஹவாய் மொழி மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. இடையில் ஒரு தலைமுறைக்கு மேல் வாய் அடைபட்டது தெரிந்தால், அந்தச் சின்னக் குறிக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று பிள்ளைகளுக்கே புரியும்.

'அலோஹா ஓஏ' பாட்டை, நாட்டை இழந்த ராணி சிறையில் எழுதினார் என்று உருக்கமாகச் சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தப்பு. அவர் அதை இயற்றியது 1878இல். அரியணையே ஏறாத காலம். காதலர்கள் விடைபெறும் பாட்டு அது. 1895இல் காவலில் இருந்தபோது எழுதிவைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கடைசியாக அடையாளம். ஹவாயில் வசிப்பவரெல்லாம் 'ஹவாயன்' இல்லை. அந்தச் சொல் அங்கே பூர்வகுடி வழிவந்தவர்களையே குறிக்கும். ஜப்பானிய, பிலிப்பைன்ஸ் வழியினர் பல தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் தங்களை 'லோக்கல்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அப்புறம், "நீ எத்தனை சதவீதம் ஹவாயன்?" என்று ஒரு பிள்ளையை வகுப்பு நடுவில் கேட்கவே கூடாது. அந்தக் கணக்கு 1921இல் அமெரிக்கக் காங்கிரஸ் போட்டது: பாதியாவது பூர்வகுடி ரத்தம் இருந்தால்தான் 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் கிடைக்கும். ஹவாய்க் குடும்பங்களுக்கென்று இருக்கும் கணக்கு வேறு, அதற்குப் பெயர் மொஒகூஅவ்ஹவ், வம்சாவளி. யார் பிள்ளை, எந்த ஊர் என்று அது பின்னோக்கிப் போகும். கேட்பதென்றால் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கலாம்: உன் பாட்டிக்கு எந்த ஊர்?