சர்வைவல் கேமில் மீன் எப்படி அழுக வேண்டும்? உணவு கெடுவதையும் பதப்படுத்துவதையும் நிரலில் எழுதும் முறை

தீவில் ஒதுங்கிய ஒருவன் மீன் பிடித்து உயிர் பிழைக்கும் சின்ன கேம் ஒன்றை மாலை நேரங்களில் எழுதி வருகிறேன். அதில் அதிக நாள் எடுத்துக்கொண்ட வேலை மீனைக் கெட்டுப்போக வைப்பதுதான். முதலில் எல்லா உணவுக்கும் மூன்று நாள் ஆயுள் என்று எழுதியிருந்தேன். விளையாடிப் பார்த்தால் உப்புக்கு வேலை இல்லை, வெயிலுக்கு வேலை இல்லை, பனிக்கட்டிக்கும் வேலை இல்லை. வெறும் கடிகாரம் ஓடுகிறது, அவ்வளவுதான். உணவு எதனால் கெடுகிறதோ அதையே கணக்கில் வைத்தால் பதப்படுத்தும் வழிகள் தாமாகவே வேலை செய்யும் என்று புரிந்தபிறகு மொத்தத்தையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அந்த முறைதான் இது.

ஒரு பொருளை எடுத்துப் பையில் போடும் அளவுக்கு உங்கள் கேம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். நான் கோடோ (Godot) என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் எழுதுகிறேன், தனி ஆளாகச் செய்பவர்களுக்கு அதையே சொல்வேன். யூனிட்டி போன்ற மற்ற மென்பொருளிலும் கணக்கு இதேதான்.

படி 1: ஒவ்வொரு மீனுக்கும் டைமர் வேண்டாம்

உணவுப் பொருள் ஒன்றில் மூன்று எண்கள் போதும்: கெட்ட அளவு (0 என்றால் புதிது, 1 என்றால் முழுக்க அழுகல்), கடைசியாகக் கணக்குப் பார்த்த நேரம், ஈரம். நேரத்தை கேமுக்குள் ஓடும் நிமிடங்களாக முழு எண்ணில் வையுங்கள். கணினியின் கடிகாரத்தைத் தொடவே கூடாது. விளையாடுபவர் தேதியை மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும்.

படி 2: வெப்பநிலையிலிருந்து வேகம்

மீன்வளத் துறையில் வெகுகாலமாகப் புழங்கும் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. 0 டிகிரியில் மீன் கெடும் வேகத்தை 1 என்று கொண்டால், மற்ற வெப்பநிலையில்:

வேகம் = (1 + 0.1 × வெப்பநிலை) இன் வர்க்கம்

10 டிகிரியில் 4 மடங்கு, 20 டிகிரியில் 9 மடங்கு, 30 டிகிரியில் 16 மடங்கு. இது குளிர்பதன வெப்பநிலைகளுக்காக உருவான சூத்திரம். 30 டிகிரி வரை நீட்டுவது கேமுக்காக நான் எடுத்துக்கொண்ட சலுகை. மைனஸ் 10 டிகிரியில் வேகம் 0 ஆகிவிடும். உறைந்த மீன் கெடாமல் இருப்பதற்குத் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை என்பதால்தான் இது எனக்குப் பிடித்துப்போனது.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். மைனஸ் 20 டிகிரியைப் போட்டுப் பாருங்கள். அடைப்புக்குள் மைனஸ் 1 வரும், அதன் வர்க்கம் 1. பனிமலை உச்சியில் புதைத்த மீன் 0 டிகிரியில் இருப்பதைப் போலவே கெட ஆரம்பிக்கும்! வெப்பநிலை மைனஸ் 10க்குக் கீழே போனால் வேகம் 0 என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

என் கேமில் 0 டிகிரியில் மீனின் ஆயுள் 12 நாள், அதாவது 288 மணி நேரம். 30 டிகிரியில் அது 18 மணி நேரமாகச் சுருங்கும். காலையில் பிடித்ததை மறுநாள் காலைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றம் இங்கேதான் பிறக்கிறது.

படி 3: இடம் மாறும் முன் கணக்கைத் தீர்க்க வேண்டும்

என்னை இரண்டு வாரம் அலைக்கழித்த படி இது. நிதானமாகப் படியுங்கள்.

டைமர் இல்லாததால், யாராவது மீனைப் பார்க்கும்போதுதான் கணக்குப் போடுகிறோம்: கழிந்த மணி நேரம் × இப்போதைய வேகம் ÷ 288. இதில் "இப்போதைய" என்ற சொல்தான் வில்லங்கம். பனிப்பெட்டியில் ஐந்து நாள் கிடந்த மீனை வெளியே எடுத்தேன். எடுத்த நொடியில் அழுகிப்போனது. ஐந்து நாள் என்பது 120 மணி நேரம். பெட்டிக்குள் வேகம் 1 என்பதால் உண்மையில் கெட்டது 120 ÷ 288, அதாவது 0.42 மட்டும். ஆனால் என் நிரல், மீன் வெளியே வந்தபிறகு வெளி வெயிலின் 16ஐப் பிடித்துக்கொண்டு அந்த 120 மணி நேரத்தையும் பெருக்கிவிட்டது.

எதிர்ப்பக்கத்திலும் இதே பிழை உண்டு, அது கண்ணில் படாது. ஆறு மணி நேரம் வெயிலில் கிடந்த மீனைப் பனிப்பெட்டியில் போட்டால் அந்த ஆறு மணி நேரமும் பனியில் இருந்ததாகக் கணக்காகிவிடும். 0.33 கெட்டிருக்க வேண்டிய மீன் 0.02தான் கெட்டிருக்கும். விளையாடுபவர் ஏன் சொல்லப்போகிறார்? அவருக்கு லாபம்தானே.

அதனால் "தீர்" என்று ஒரு செயல்கூறு (ஃபங்ஷன்) எழுதுங்கள். அது மூன்று வேலை செய்யும்: பழைய இடத்தின் வேகத்தில் இதுவரை கழிந்த நேரத்தைக் கணக்கிடும், கெட்ட அளவோடு கூட்டும், கடைசி நேரத்தை இப்போதைக்கு மாற்றும். பொருள் பெட்டி மாறும் முன், வெட்டும் முன், சமைக்கும் முன், சேமிக்கும் முன் இதை அழைக்க வேண்டும். "முன்" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மாறியபின் அழைத்தால் பழைய இடத்தின் வேகம் கைவிட்டுப் போயிருக்கும்.

வெளியில் கிடக்கும் உணவுக்கு இரவும் பகலும் ஒரே வேகம் இல்லை. அதைத் தீர்க்கும்போது ஒவ்வொரு மணி நேரமாகக் கூட்டுங்கள். சராசரி வெப்பநிலையை எடுத்து ஒரே பெருக்கலில் முடிக்க வேண்டாம். பாதி நேரம் 10, பாதி நேரம் 30 என்றால் சராசரி 20, அதன் வேகம் 9. உண்மையான சராசரி வேகம் 10. வர்க்கம் இருப்பதால் வெயில் நேரத்துக்கு எடை கூடுகிறது.

படி 4: ஈரம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உணவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நுண்ணுயிருக்குக் கிடைக்கும் நிலையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். இதை வாட்டர் ஆக்டிவிட்டி என்பார்கள், 0 முதல் 1 வரை போகும் எண். படி 1இல் சொன்ன ஈரம் இதுதான். பச்சை மீன் ஏறத்தாழ 0.99. 0.91க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர்வதில்லை. பூசணம் இன்னும் கீழே வரை தாங்கும். 0.6க்குக் கீழே எதுவும் வளராது. தேன் ஏறத்தாழ அந்த எல்லையில் நிற்பதால்தான் அது கெடுவதில்லை. இனி கரையாது என்னும் வரை உப்பைக் கரைத்த நீர் 0.75.

ஈரப் பெருக்கி = ((ஈரம் − 0.6) ÷ 0.39) இன் கனம் (மூன்றாம் அடுக்கு)

இது அறிவியல் சூத்திரம் இல்லை, பல வளைவுகளைப் போட்டுப் பார்த்து நான் எடுத்தது. 0.99இல் 1 வரும், 0.75இல் 0.06 வரும். படி 2இன் வேகத்தோடு இதைப் பெருக்க வேண்டும்.

இனி பாருங்கள். 30 டிகிரி வெயிலில் மெல்லிய துண்டு 12 மணி நேரத்தில் சீராகக் காய்ந்து 0.70க்கு இறங்குகிறது என்றால் முடிவில் கெட்ட அளவு 0.22. முழு மீன் காய 72 மணி நேரம் ஆனால் 1.34 வரும். காய்வதற்கு முன்பே அழுகிவிடும். அதே முழு மீனை உப்பில் போட்டு 0.85க்கு இறக்கிவிட்டுக் காயவைத்தால் 0.43. பிழைத்துவிட்டது! கருவாட்டுக்கு ஏன் மீனைக் கீறி உப்பு அடைக்கிறார்கள் என்பது எனக்கு இந்த எண்களைப் பார்த்தபோதுதான் முழுதாக உறைத்தது. "உப்புப் போட்டால் ஆயுள் பத்து மடங்கு" என்று எங்கேயும் எழுதவில்லை. காய்வதும் கெடுவதும் ஓட்டப்பந்தயம் ஓடுகின்றன, யார் முந்துவது என்பதை விளையாடுபவர் கத்தியாலும் உப்பாலும் தீர்மானிக்கிறார்.

காற்றின் ஈரப்பதத்தையும் சேருங்கள். உணவு தன்னைச் சுற்றியுள்ள காற்றை நோக்கித்தான் நகரும். ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் எத்தனை நாள் தொங்கவிட்டாலும் 0.85க்குக் கீழே காயாது. மழைக்காலத்தில் காய்ந்த மீனும் நமத்துப்போகும். மூடிய ஜாடிக்கு அப்போதுதான் மதிப்பு வருகிறது.

எண்களை நிரலில் போடும் முன் லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் மணிக்கு ஒரு வரிசையாகப் போட்டுப் பாருங்கள். கேமை ஓட்டி ஓட்டிச் சோதிப்பதைவிட இது பல மடங்கு வேகம்.

படி 5: அடுக்குவது

பழைய மீன் நான்கும் புதிய மீன் ஒன்றும் ஒரே கட்டத்தில் விழுந்தால் என்ன செய்வது? டோன்ட் ஸ்டார்வ் கேமில் புத்தம்புதுத்தன்மையைச் சராசரி ஆக்கிவிடுவார்கள். எளிது, ஆனால் புதிய மீனைச் சேர்த்துப் பழையதைப் புதுப்பிக்கும் தந்திரத்துக்கு வழி விடுகிறது. நான் கெட்ட அளவில் 0.1க்குள் வேறுபாடு இருந்தால் மட்டும் சேர்த்துச் சராசரி எடுக்கிறேன், இல்லையென்றால் தனிக் கட்டம். சேர்க்கும் முன் இரண்டையும் தீர்க்க மறக்காதீர்கள்.

திரையில் காட்ட சதவீதம் வேண்டாம். நம் மொழியில் இதற்குச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன: மீன் அழுகும், சோறு ஊசும், எண்ணெய் காறும், வறுவல் நமத்துப்போகும், ரொட்டியில் பூசணம் பூக்கும். ஒவ்வொரு உணவு வகைக்கும் அதற்குரிய சொல்லையே போடுங்கள். நமத்தது ஆபத்தில்லை, ஊசியது ஆபத்து என்று படித்தவுடன் புரிந்துவிடும்.

பின்சேர்க்கை: இந்த முறையில் எழுதிய ஒருவர், தன் கேமில் நன்றாகக் காய்ந்த மீன் நாளாக நாளாகப் புதிதாகிறது என்று கேட்டிருந்தார். சரியாகப் பிடித்தார். அவருடைய பாலைவனத்தில் ஈரப்பதம் 40 சதவீதம், ஈரம் 0.6க்குக் கீழே போகிறது, படி 4இல் வரும் கனம் எதிர்மறை ஆகிறது, கெட்ட அளவு குறைந்துகொண்டே வருகிறது. என் தீவில் காற்று ஒருபோதும் அவ்வளவு வறண்டதில்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. படி 2இல் செய்தது போலவே இங்கேயும் ஈரம் 0.6க்குக் கீழே போனால் பெருக்கி 0 என்று வையுங்கள். ஏற்கெனவே சேமித்த ஆட்டங்களில் கெட்ட அளவு மைனஸில் போயிருக்கும். அவற்றைத் திறக்கும்போது 0க்குக் கொண்டுவர இன்னொரு வரி தேவைப்படும்.