காரோட்டும்போது கழுத்துக்கு நாம் செய்யும் தவறுகள்

சாயங்கால நேரத்தில் சோழிங்கநல்லூரிலிருந்து மத்திய கைலாஷ் வரை சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஓட்டி வந்து இறங்கினால், கிளட்ச் மிதித்த காலை விடக் கழுத்துதான் அதிகம் கடுக்கிறது. திரும்பித் திரும்பிப் பார்த்ததால் வந்த வலி என்று நினைப்போம். பெரும்பாலும் திரும்பாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்ததால் வருவது அது.

தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது தோளுக்கு நேர்மேலே இருக்கும்வரை கழுத்துக்குப் பெரிய சிரமமில்லை; முன்னால் போகிற பைக்காரர் எப்போது பிரேக் போடுவாரோ என்று ஸ்டியரிங் பக்கம் முகத்தை நீட்டிவிட்டால், தலை விழாமல் பிடித்திருக்கும் வேலை பின்கழுத்துத் தசைகளின் தலையில் விழுகிறது, அவையும் விடாமல் இறுகியே நிற்கின்றன. சீட்டை ரொம்பச் சாய்த்து ஹாயாக ஓட்டுபவர்களுக்கும் இதே கதைதான். முதுகு பின்னால் போனால் ரோட்டைப் பார்க்கத் தலை தானாக முன்னால் வரும்.

அடுத்தது, கண்ணாடியை மட்டும் நம்புவது. நாம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம், இடப்பக்கம் கண்ணுக்குப் படாத இடம் அதிகம், நம்ம ஊர் பைக்குகள் நுழைவதும் அந்தச் சந்தில்தான். கண்ணாடியைப் பார்த்த பிறகு, தாடையைத் தோள் பக்கம் கொண்டுபோய் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். கழுத்துத் திரும்புவதில் பாதி, மேலே உள்ள முதல் 2 எலும்புகளுக்கு நடுவிலேயே நடந்துவிடுகிறது, அதனால் நிதானமாகத் திரும்பினால் அலுங்காமல் வரும். அரை மணி நேரம் மரம் மாதிரி இருந்துவிட்டு வெடுக்கென்று திரும்பினால்தான் பிடித்துக்கொள்ளும். கத்திப்பாரா மேம்பாலத்து இறக்கத்தில் ஒரு ஹாரன் சத்தத்துக்கு அப்படித் திரும்பிவிட்டு, யாராவது கூப்பிட்டால் 2 நாள் முழு உடம்போடு திரும்பிக்கொண்டிருந்தேன்.

ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்தை மட்டும் முறுக்காமல் இடுப்பிலிருந்தே திரும்புங்கள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு ஓட்டுபவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது!

அப்புறம் ஹெட்ரெஸ்ட். பலர் அதைக் கழுத்து மட்டத்துக்கு இறக்கிவிட்டு, மேலே குண்டாக ஒரு குஷன் வேறு கட்டியிருப்பார்கள். பின்னாலிருந்து வண்டி இடித்தால் தலை பின்பக்கம் விசிறியடிக்காமல் தடுப்பதற்காக வைத்த சாமான் அது. மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும், பின்தலைக்கும் அதற்கும் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். குஷன் தலையை முன்னால் தள்ளிவிடும், கழற்றிவிடுங்கள்.

சிக்னலில் நிற்கும்போது கழுத்தைச் சொடுக்குவதை விட்டுவிட்டு, தாடையை லேசாக உள்ளிழுத்துப் பின்தலையால் ஹெட்ரெஸ்ட்டை மெதுவாக 5 விநாடி அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் இளகும். கை மரத்துப்போனாலோ விரல்வரை சுரீரென்று இழுத்தாலோ இதெல்லாம் போதாது, டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.